தல்மூதில் மிளகும் சுக்கும்



மத்திய அரசாங்க அலுவலகம் ஒன்றில் ஆங்கிலத்தில் வரும் விதிகளையும் சுற்றறிக்கைகளையும் தமிழாக்குவது என் உத்தியோகம். பகலெல்லாம் ஒரு மொழியோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவன், மாலையில் அராமிய மொழியில் எழுந்த ஒரு பழைய நூலை விரித்துவைத்துக்கொண்டு ஏன் தலையைக் குழப்பிக்கொள்ள வேண்டும் என்று என் வீட்டார் கேட்பதுண்டு. அதற்கு நான் இன்னும் தக்க விடை கூறவில்லை. யூதர்களின் தல்மூதில் ஒரு பொருளை ஆசிரியர் துணையின்றித் தாமாகவே ஆராய்வது எவ்வாறு என்பது பற்றி இன்று பேசுமாறு பணித்திருக்கிறார்கள். பொதுவான நெறிகளை அடுக்கிக்கொண்டு போவதைக் காட்டிலும், நான் தேடிச் சென்ற ஒரே ஒரு பொருளையும், அதில் நான் இடறி விழுந்த விதத்தையும் எடுத்துரைப்பது பயன் தரும் என்று எண்ணுகிறேன். அப்பொருள் நம் சமையலறையில் இருப்பது, மிளகு.

தல்மூத் ஒருவர் எழுதிய நூலன்று. கி.பி. 200 அளவில் பாலஸ்தீனத்தில் ரப்பி யெஹூதா என்பார் தொகுத்த மிஷ்னா அதன் மூலம். அம்மூலத்தின்மீது பல தலைமுறை அறிஞர் நிகழ்த்திய வாதங்களின் தொகுப்புக்குக் கெமாரா என்று பெயர். பாலஸ்தீனத்தில் எழுந்தது ஒன்று, இன்றைய இராக்கிலுள்ள பாபிலோனியாவில் எழுந்தது ஒன்று என இரண்டு தல்மூதுகள் உண்டு. பாபிலோனியத் தல்மூதே பெரிது. வெறும் 'தல்மூத்' என்றால் அதையே குறிக்கும். நாளொன்றுக்கு ஓர் ஏடு வீதம் அதனைப் படித்து முடிக்கும் வழக்கம் 1923இல் ஏற்பட்டது. 2,711 ஏடுகள், ஒரு சுற்று முடிய ஏறத்தாழ ஏழரை ஆண்டுகள் செல்லும்.

உரைநூல்களோடு வளர்ந்த தமிழருக்கு அந்த ஏட்டின் தோற்றம் அச்சமூட்ட வேண்டியதில்லை. தொல்காப்பியச் சொல்லதிகாரத்திற்கு இளம்பூரணர், சேனாவரையர், நச்சினார்க்கினியர் முதலியோர் உரைகளை நாம் தனித்தனி நூலாகப் படிக்கிறோம். தல்மூதில் இவை எல்லாம் ஒரே பக்கத்தில் கூடியிருக்கின்றன. நடுவே மூலமும் கெமாராவும். ஒரு புறம், 1105இல் மறைந்த பிரெஞ்சு நாட்டு அறிஞர் ரஷியின் உரை. மறுபுறம், அவருக்குப் பின் வந்தோர் அவ்வுரையையும் மூலத்தையும் மறித்துக் கேட்ட கேள்விகளான தோசபோத். ஓரங்களில் மிகச் சிறிய எழுத்தில் குறிப்புகள். வெனிஸ் நகரில் பொம்பெர்க் என்பவர் 1520 முதல் 1523 வரை அச்சிட்ட பதிப்பிலிருந்து இன்றுவரை ஏட்டெண் மாறவேயில்லை. ஆகையால் 'பெராகோத், 36ஆம் ஏடு, பின்பக்கம்' என்று ஒருவர் குறித்தால், உலகின் எம்மூலையில் அச்சான பிரதியிலும் அதே வரிகளைக் காணலாம். தனியாகப் படிக்கிறவனுக்கு இஃது எத்துணைப் பெரிய உதவி என்பதை, பதிப்புக்குப் பதிப்பு பக்கம் மாறும் தமிழ் நூல்களில் மேற்கோள் தேடி அலைந்தவர்கள் உணர்வார்கள்.

நான் முதலில் எடுத்துக்கொண்ட தலைப்பு மிளகு அன்று. 'தல்மூதில் இந்தியா' என்பது. கேட்பதற்குப் பெருமிதமான தலைப்பு. ஆறு மாதம் அலைந்தேன். எருசலேம் ஆலயத்தின் தலைமைக் குரு, பாவமன்னிப்பு நாளின் பிற்பகலில் இந்திய மெல்லாடை உடுத்தினார் என்றும், அதன் விலை 800 வெள்ளிக்காசு என்றும் ரப்பி மேயிர் சொன்ன செய்தி யோமா என்னும் பகுதியில் கிடைத்தது. இந்தியர் என்னும் அடைமொழி பெற்ற யெஹூதா என ஓர் அறிஞர், யூத சமயம் தழுவியவர், கித்துஷீன் பகுதியில் தென்பட்டார். துணுக்குகள் சேர்ந்தன; பொருள் சேரவில்லை. இதிலிருந்து ஒன்று கற்றேன். தல்மூதைப் பெரிய வினாவோடு அணுகினால் அது வாய் திறப்பதில்லை. ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அது போகுமிடமெல்லாம் பின்தொடர்ந்தால் தானே பேசத் தொடங்கும்.

மிளகின் அராமியப் பெயர் பில்பெல் என்னும் சொல்லோடு உறவுடையது. கூர்த்த தருக்கத்திற்குப் 'பில்புல்' என்று பிற்காலத்தார் இட்ட பெயரையும் இதனோடு தொடர்புபடுத்துவர். காரமான வாதம் என்று கொள்ளலாம். நம்மூர்ச் சரக்கு அங்கே தருக்கத்திற்கே பெயராயிற்று என்று எண்ணி அன்றிரவு மகிழ்ந்தேன்.

இனி அந்த ஏட்டிற்குள் செல்வோம். பெராகோத் என்பது வாழ்த்துரைகள் பற்றிய பகுதி. எந்த உணவை உண்ணுமுன் இறைவனை எச்சொற்களால் வாழ்த்த வேண்டும் என்று வகுப்பது. மரத்தின் கனிக்கு ஒன்று, மண்ணின் விளைவுக்கு ஒன்று, மற்றவற்றிற்கெல்லாம் பொதுவாக ஒன்று என்று வாழ்த்துகள் பல. 36ஆம் ஏட்டின் பின்பக்கத்தில் மிளகு வருகிறது. பொது வாழ்த்தைச் சொல்ல வேண்டும் என்கிறார் ராவ் ஷேஷெத். ஒன்றுமே சொல்ல வேண்டியதில்லை என்கிறார் ரவா. ரவா நான்காம் நூற்றாண்டில் பாபிலோனியாவில் வாழ்ந்த பேரறிஞர். அவர் தம் கொள்கையிலிருந்து வழுவவில்லை என்று காட்ட, அவருடைய மற்றொரு கூற்றைக் கெமாரா கொணர்கிறது. பாவமன்னிப்பு நாளாகிய யோம் கிப்பூர் கடும் உபவாச நாள். அன்று மிளகை மென்றவன் தண்டனைக்கு ஆளாவதில்லை. இஞ்சியை மென்றவனும் ஆளாவதில்லை என்பது அக்கூற்று.

உடனே ஒரு தடை எழுப்பப்படுகிறது. இரண்டாம் நூற்றாண்டு ரப்பி மேயிரின் கருத்து அது. நட்ட மரத்தின் கனியை முதல் மூன்று ஆண்டுகள் உண்ணலாகாது என்னும் வேதவிதி மிளகுக்கும் உரியது. மரமும் கனியும் ஒரே சுவையுடையதாக இருப்பது அதுவே. இஸ்ரவேல் நாட்டில் எதற்கும் குறைவில்லை என்பதையும் இதனால் அறியலாம் என்று அவர் கூறுகிறார். மூன்றாண்டு விதி உணவுக்கன்றோ உரியது? அவ்வாறாயின் மிளகு உணவாகிறது. உணவாயின் ரவா அதனை எப்படித் தள்ளினார்? இதற்குக் கெமாராவின் விடை சுருக்கமானது. முரண் இல்லை, ஒன்று ஈரமானது, மற்றது உலர்ந்தது. இதே முறையில் இஞ்சியைப் பற்றியும் ஐந்தாம் நூற்றாண்டு மெரேமாரிடம் மாணவர்கள் ஒரு வினாவை முன்வைக்கின்றனர். இந்தியாவிலிருந்து வரும் 'ஹிமல்தா' என்னும் பதப்படுத்திய இஞ்சியை உண்ணலாம், அதற்கு மண்ணின் விளைவுக்குரிய வாழ்த்தும் உண்டு என்று ரவாவே கூறியிருக்கிறாரே என்பது வினா. அதற்கும் அதே விடை. அது ஈரமானது, இது உலர்ந்தது.

இப்பகுதியை ஆங்கில மொழிபெயர்ப்பில் இரண்டு முறை படித்துவிட்டு, ஒரு சொற்பொழிவுக்குக் குறிப்பும் எழுதிவிட்டேன். 'உபவாச நாளிலும் மிளகு உண்பதைத் தல்மூத் அனுமதிக்கிறது. பண்டைப் பாலஸ்தீனத்தில் மிளகு பயிராயிற்று என்று தல்மூதே சான்று பகர்கிறது' என்பன என் இரு முடிவுகள். நல்ல வேளையாக, எபிரெயம் கற்பித்து ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர் எங்கள் பேட்டைக்கு அருகில் வசிக்கிறார். அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நீங்கள் அரசாங்க ஆணைகளை மொழிபெயர்ப்பவர்தாமே? 'அபராதம் விதிக்கப்படமாட்டாது' என்பதை 'அனுமதிக்கப்படுகிறது' என்று எழுதுவீர்களா?" என்று கேட்டார்.

காது சிவந்தது. இருபது ஆண்டுகளாக நான் பிழைப்பு நடத்துவதே இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டுதான். ரவா கூறியது 'பாட்டூர்'. அதாவது தண்டனையினின்று விலக்கு. 'முத்தார்', அதாவது செய்யலாம் என்பது வேறு. உணவு அல்லாத ஒன்றை மென்றவன் உபவாசத்தை முறித்த குற்றத்திற்கு உரிய பெருந்தண்டனை பெறான். அதனால் மெல்லுவது தகும் என்று ஆகிவிடாது. ஆங்கிலத்தில் அச்சொல் சரியாகவே பெயர்க்கப்பட்டிருந்தது. என் கண்தான் அதனை வழுக்கிக்கொண்டு போயிற்று.

இரண்டாவது பிழை இன்னும் கடுமையானது. ரப்பி மேயிரின் கூற்று அங்கே 'மேதிவி' என்னும் சொல்லோடு தொடங்குகிறது. பழைய ஆசிரியர் கூற்றொன்றைக் காட்டித் தடை நிகழ்த்துகிறார்கள் என்பது அதன் பொருள். நம் உரையாசிரியர்கள் 'எனின்' என்று நிறுத்தி, 'அற்றன்று' என்று தொடங்குகிறார்களே, அதனை ஒத்தது. 'எனின்' என்பதற்கு முன் உள்ளதைச் சேனாவரையரின் முடிபு என்று ஒருவன் எழுதினால் நாம் என்ன சொல்வோம்? அதைத்தான் நான் செய்திருந்தேன். இத்தகைய அடையாளச் சொற்கள் தல்மூதில் சில பத்து உண்டு. 'லா கஷ்யா' என்றால் முரண் இல்லை. 'தேக்கூ' என்றால் வினா தீராமல் நிற்கிறது. இவற்றை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளாமல் யாரும் தனியாகத் தல்மூதுக்குள் நுழைய வேண்டாம். யார் பேசுகிறார், எந்த நூற்றாண்டில், தடையா விடையா என்று ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் குறித்துக்கொண்டே போகவேண்டும். ஒரே பத்தியில் இரண்டாம் நூற்றாண்டும் ஐந்தாம் நூற்றாண்டும் எதிரெதிரே அமர்ந்து உரையாடுவது அந்நூலின் இயல்பு.

இது வெறும் புலமைக் குறை என்று தள்ளிவிடக் கூடியதும் அன்று. 1240இல் பாரிசில் தல்மூதின்மீது விசாரணை நடந்தது. சில ஆண்டுகளில் அங்கே பிரதிகள் வண்டி வண்டியாகக் கொளுத்தப்பட்டன. 1553இல் ரோமிலும் அவ்வாறே நிகழ்ந்தது. அதன் பிறகும், வாதத்தின் நடுவிலிருந்து ஒரு துண்டைப் பிய்த்தெடுத்து, 'இதுவே யூதர் கொள்கை' என்று பழி தூற்றியவர்கள் பலர். தடையை விடையாக வாசிப்பது அப்படிப்பட்டவர்களின் பழைய வழக்கம். மிளகைப் பற்றிய என் பிழையால் எவருக்கும் தீங்கில்லை. ஆனால் பிழையின் இனம் ஒன்றே என்பதை நினைத்தபோது அன்று எனக்கு உறக்கம் வரவில்லை.

இனி, நம் பக்கத்துச் செல்வம் ஒன்றையும் சொல்லவேண்டும். ஈரமானதும் உலர்ந்ததும் வேறு வேறு என்று நிறுவக் கெமாராவுக்கு ஒரு வாதம் தேவைப்பட்டது. ஏனெனில் அதற்கு 'ஸங்விலா' என்னும் ஒரே சொல்தான் உண்டு. தமிழருக்கோ ஈரமானது இஞ்சி, உலர்ந்தது சுக்கு. இஞ்சித் துவையல் அரைக்கிறோம். சுக்கைத் துவையலாக யாரும் அரைத்து இலையில் வைப்பதில்லை. பச்சை மிளகுச் சரத்தை உப்புநீரில் ஊறப்போட்டுத் தயிர்ச்சாதத்தோடு கடித்துக்கொள்கிறோம்; உலர்ந்த மிளகைக் கைப்பிடியாக அள்ளி மெல்வாரில்லை. இந்த ஏட்டைப் படித்துக் காட்டியபோது என் தாயார், "சுக்கு மருந்து, இஞ்சி கறிகாய், இதற்கா இத்தனை பேர்?" என்றார். ரவாவும் மெரேமாரின் மாணவரும் சுற்றிச் சென்று அடைந்த இடத்தில் அவர் முதலிலேயே நின்றிருந்தார்.

ஆயினும், நம் சமையலறை விளக்கு எல்லா மூலைக்கும் ஒளி தராது. குடகில், காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறிப் படர்ந்திருப்பதைப் பெங்களூரிலிருந்து போய்வரும் எவரும் பார்த்திருப்பர். மிளகு கொடி. ரப்பி மேயிரோ மரம் என்கிறார். மரக்கட்டையும் கனியும் ஒரே சுவை என்கிறார். அவர் தவறினார் என்று உடனே எழுதத் தோன்றும். ஆனால் முதல் நூற்றாண்டில் ரோமானிய அறிஞர் பிளினியும் மிளகை மரம் என்றே எழுதினார். இத்தாலியிலும் ஒரு மிளகு மரம் உண்டு என்று சொல்லி வைத்தார். மேற்கே இருந்தவர்கள் உலர்ந்த மணியைக் கண்டார்களேயன்றிக் கொடியைக் கண்டாரில்லை. ரப்பி மேயிர் கண்ட செடி நம் மிளகா, அதன் பெயரை ஏற்ற வேறொன்றா என்பதை ஏட்டிலிருந்து மட்டும் தீர்க்க இயலாது. அகநானூற்றின் 149ஆம் பாட்டு, யவனர் கலங்கள் முசிறியில் பொன்னைக் கொடுத்து மிளகை ஏற்றிச் சென்ற செய்தியைத் தருகிறது. எகிப்தின் செங்கடல் துறையான பெரெனிகேயில், முதல் நூற்றாண்டுக் கோயில் முற்றம் ஒன்றில், இந்தியச் சாடி ஒன்றுள் ஏழரைக் கிலோ மிளகு தோண்டி எடுக்கப்பட்டது. மணி போயிற்று, கொடி போகவில்லை.

சொல்லாராய்ச்சியில் இறங்கும் தமிழருக்கு இன்னொரு பள்ளமும் உண்டு. 'ஸங்விலா' என்றதும் 'இஞ்சிவேர்' என்று துள்ளிக் குதிக்கத் தோன்றும். பாலியில் 'சிங்கிவேர', சமஸ்கிருதத்தில் 'சிருங்கவேர' என வழங்கும் சொல்லின் அடியில் திராவிடச் சொற்களான இஞ்சியும் வேரும் உள்ளன என்று மொழிநூல் அறிஞர் பலர் கருதுவது உண்மையே. ஆனால் அராமியத்தார் அதனைத் தமிழரிடமிருந்து நேரே பெற்றனர் என்பது அதனால் பெறப்படாது. அச்சொல் பல மொழிகளின் வழியே நடந்து போனது. மிளகோ இன்னும் விந்தை. பில்பெல், கிரேக்கரின் பெப்பெரி எல்லாம் 'பிப்பலி' வழிவந்தவை. பிப்பலி என்பது நம் திப்பிலி. திப்பிலியின் பெயரை ஏற்றுக்கொண்டு மிளகு மேற்கே போயிருக்கிறது. நம் பழம்பெயரான 'கறி' அங்கே போகவேயில்லை. பெருமை பேச வந்தவனுக்கு இதனால் ஏமாற்றம். ஆராய வந்தவனுக்கு விருந்து.

இனி ஏட்டின் ஓரத்துக்கு வருவோம். பதினாறாம் நூற்றாண்டில் யெஹோஷுவா போவஸ் என்னும் இத்தாலிய யூத அறிஞர் இரண்டு வகைக் குறிப்புகளைத் தொகுத்தார். ஒன்று, இதே பேச்சு தல்மூதில் வேறெங்கே வருகிறது என்று காட்டுவது. அதைப் பிடித்துக்கொண்டு யோமாவின் 81ஆம் ஏட்டையும் சுக்காவின் 35ஆம் ஏட்டையும் அடைந்தேன். யோமாவில் உபவாசம் பற்றிய பேச்சினிடையே மிளகு வருகிறது. சுக்காவில் கூடாரப் பண்டிகைக்குரிய எலுமிச்சை இனக் கனியைப் பற்றிய பேச்சினிடையே ரப்பி மேயிர் வருகிறார். இடம் மாறும்போது ஒரே கூற்று எதற்குப் பயன்படுகிறது என்பதும் மாறுகிறது. மற்றொரு குறிப்பு, இவ்விவாதம் பிற்காலச் சட்டநூல்களில் எங்கே முடிவாகிறது என்று காட்டுவது. தல்மூத் பெரும்பாலும் தீர்ப்புக் கூறாது. தீர்ப்பைச் சட்டநூல்களில் தேடவேண்டும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த மைமோனிதெஸ், ஈரமான மிளகுக்கும் இஞ்சிக்கும் மண்ணின் விளைவுக்குரிய வாழ்த்து என்றும், உலர்ந்தவை உணவல்ல, நறுஞ்சரக்கே ஆதலின் அவற்றிற்கு வாழ்த்தே இல்லை என்றும் முடித்தார். இவ்விடத்தில் ஒரு முடிச்சு விழுவதை நேயர்கள் கவனித்திருப்பர். மிளகு மரம் என்று கொண்டால் மரத்தின் கனிக்குரிய வாழ்த்தன்றோ பொருந்தும்? மண்ணின் விளைவு என்று எவ்வாறு ஆயிற்று? உரைகாரர் பலர் இதற்கு விடை தேடியிருக்கின்றனர்.

மைமோனிதெஸின் தம்பி தாவீது இந்திய வாணிகத்துக்குச் செல்கையில் கடலில் மூழ்கி இறந்தார் என்பது பலர் அறிந்தது. அதே நூற்றாண்டில், நம் கருநாடகத்து மங்களூரில், ஆபிரகாம் பென் யிஜு என்னும் வட ஆப்பிரிக்க யூத வணிகர் 1132 அளவிலிருந்து 1149 வரை வாழ்ந்தார். மிளகும் இஞ்சியும் பாக்கும் ஏடனுக்கு ஏற்றினார், வெண்கலப் பட்டறை நடத்தினார், கவிதையும் புனைந்தார். ஏடனிலிருந்து அவருக்கு வந்த கடிதங்கள் கெய்ரோவின் பழைய தொழுகைக்கூடத்துக் காகிதக் குவியலில் தப்பிப் பிழைத்து, பெரும்பகுதி இன்று கேம்பிரிட்ஜில் இருக்கின்றன. எஸ். டி. கோய்டைன் என்னும் அறிஞர் அவற்றைப் படித்துத் தொகுத்தார். பாபிலோனிய அறிஞர் கண்டிராத மிளகுக்கொடியைத் தினமும் பார்த்துக்கொண்டு, அதே பெராகோத் ஏட்டை அறிந்த ஒருவர் நேத்திராவதிக் கரையில் இருந்திருக்கலாம் என்று நினைக்கும்போது எனக்கு ஏற்படும் கிளர்ச்சியை மறைக்க முடியவில்லை. ஆனால் அவர் அந்த ஏட்டைப் பற்றி எழுதிய குறிப்பு எதையும் நான் கண்டதில்லை. ஆகவே இந்த எண்ணத்தை ஆராய்ச்சி என்று சொல்லமாட்டேன்.

கருவிகளைப் பற்றிச் சில சொற்கள். மார்க்கஸ் ஜாஸ்திரோ 1903இல் முடித்த அகராதி பழையதாயினும் தொடங்குவோர்க்குப் போதும். ஆங்கில மொழிபெயர்ப்புகளில், 1935 முதல் 1952 வரை வெளிவந்த சொன்சினோ பதிப்பு சொல்லுக்குச் சொல் நடப்பது. எருசலேமில் ஆதின் ஸ்டைன்சால்ட்ஸ் 1965இல் தொடங்கி 2010இல் முடித்த பதிப்பு விளக்கத்தோடு செல்வது. பின்னதன் ஆங்கில வடிவம் 2017 முதல் செஃபாரியா என்னும் மின்நூல்நிலையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. இரண்டையும் பக்கத்துப் பக்கம் வைத்துப் படியுங்கள். அவை மாறுபடும் இடத்தில்தான் மூலத்தில் ஏதோ இருக்கிறது.

தனியே அமர்ந்து பயிலும் அறிஞரைத் தல்மூத் கடுமையாகவே எச்சரிக்கிறது; அத்தகையோர் மதி மழுங்குவர் என்கிறது. யூதர் மரபில் இருவர் எதிரெதிரே அமர்ந்து ஒருவரையொருவர் மறித்துப் படிப்பதே வழக்கம். நம் நன்னூலும் ஆசிரியர் சொல்லக் கேட்பதில் கால் பங்கே கிட்டும் என்றும், உடன் பயில்வோரோடு பழகுவதில் ஒரு கால் என்றும், பிறர்க்கு எடுத்துரைப்பதில் மீதி என்றும் கணக்கிட்டது. ஆசிரியரும் இல்லை, உடன் பயில்வோரும் இல்லை என்றால் அந்த அரைப்பங்கை எங்கே ஈடு செய்வது? பெங்களூரில் எபிரெயம் கற்பிக்கும் இறையியல் கல்லூரிகள் இருக்கின்றன, அறிந்தவர்கள் இருக்கின்றனர். வாரம் முழுதும் தனியாகப் படியுங்கள். ஒரு மணி நேரமாவது ஒருவர் முன் கொண்டுபோய் வையுங்கள்.

சென்ற மாதம் குடகிலிருந்து வந்த உறவினர் பச்சை மிளகுச் சரம் கொஞ்சம் கொடுத்தார். அதனை எடுத்துக்கொண்டு அந்த முதியவரிடம் போனேன். காகிதத்தைப் பிரித்துப் பார்த்தார். ஒரு மணியைக் கிள்ளி முகர்ந்தார். "ஐயா, இதற்கு மரத்தின் வாழ்த்தா, மண்ணின் வாழ்த்தா?" என்று கேட்டேன்.

"ஷுல்ஹான் அரூக் என்ன சொல்கிறது?" என்றார்.

படித்திருந்ததைச் சொன்னேன்.

"அதன் உரைகளை?"

பார்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டேன்.

"பார்த்துவிட்டு அடுத்த வாரம் வாருங்கள்" என்று சொல்லி, சரத்தை மடித்து எடுத்து உள்ளே கொண்டுபோனார்.